கதவில் போட்ட பெருக்கல் குறி

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார், காபி சாப்பிடுவார், பத்திரிகையைப் புரட்டுவார், உலகத்தில் உள்ள எல்லாரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனுஷர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அதனால்தான் போன வாரம் அவர் சொன்ன ஒரு வார்த்தை இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கெட்டவன் சொன்னால் உதறிவிட்டுப் போகலாம். நல்லவர் சொன்னால் என்ன செய்வது?

தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2022-ஆம் வருஷக் கடைசியில் பம்பாயில் கோவண்டி என்ற ஏழைப் பகுதியில், முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் சந்துகளில், தட்டம்மை பரவிக் குழந்தைகள் செத்ததை யாரோ எங்கோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நண்பர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"அந்த ஜனங்களுக்கு என்ன செய்தாலும் புத்தி வராது, ஸார். வாசல் தேடி வந்து இனாமாகக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்கிறான். பரிசோதனை என்றால் ஓடி ஒளிகிறான். படிப்பு இல்லை, மத வெறி வேறே. போலீஸை வைத்துப் பிடித்துப் போட வேண்டியதுதான்!" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாய்ப் பேச்சு சாமர்த்தியம் போதாது. வீட்டுக்கு வந்தவரோடு சண்டை போடவும் மனம் வரவில்லை. ஆனால் பேனா கையில் இருக்கிறது. ஆகவே, நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வாசகர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர்க் கதை சொல்கிறவன் தன் வீட்டை ஒளித்து வைக்கக் கூடாது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கிராமத்துக்கு அம்மை குத்துகிறவர் வருவார். அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே ஊருக்குச் செய்தி எட்டிவிடும். என் பாட்டி என்னை இழுத்துக்கொண்டு போய் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவாள். "மூச்சு விடாதே!" என்பாள். பாட்டி படிக்காதவள் அல்ல. தினமும் ராமாயணம் வாசிப்பாள். நிலத்துக் குத்தகைக் கணக்கு அவள் விரல் நுனியில் இருக்கும். அம்மை வருவது மாரியம்மன் வீட்டுக்கு வருவது. வருகிறவளைக் கத்தியைக் காட்டித் தடுப்பதாவது என்பது அவள் கட்சி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அந்த மனிதர் யார், எந்த ஊர், பையில் என்ன வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. சர்க்கார் ஆள். சர்க்கார் ஆள் வந்தால் வரி கேட்பான், இல்லாவிட்டால் நெல்லைக் கேட்பான். பிள்ளையின் கையைக் கேட்கிறானே, எதற்கு?

மூன்று வருஷம் நான் குதிருக்குப் பின்னால் தப்பித்தேன். நாலாம் வருஷம் எங்கள் ஊர் மருத்துவச்சி அவரோடு கூட வந்தாள். எங்கள் வீட்டில் ஏழு பிரசவம் பார்த்தவள். அவள் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "பெரியம்மா, என் பேரனுக்குப் போன மாசமே குத்தியாச்சு. இதோ பாருங்கள்" என்று இடுப்பிலிருந்த பேரனின் கையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். பாட்டி குதிருக்குப் பின்னாலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்து விட்டாள். இன்றும் என் இடது கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. பெரியம்மை என்ற வியாதியே 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை.

என் பாட்டியை யாரும் மத வெறி பிடித்தவள் என்று சொல்லவில்லை. போலீஸில் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. "பழைய காலத்து மனுஷி" என்றார்கள்; சிரித்துக்கொண்டார்கள்.

சரி, பாட்டி கிராமத்துக்காரி. மகா மேதாவி ஒருவரைப் பார்ப்போம். 1950-களில் சென்னை ராஜ்யத்தில் காச நோய்த் தடுப்புக்காகப் பி.ஸி.ஜி. ஊசி போடும் இயக்கம் நடந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு முதலில் டியூபர்குலின் பரிசோதனை செய்வார்கள். நோய்க் கிருமியின் தொடர்பு இல்லை என்று தெரிந்தால் பி.ஸி.ஜி. போடுவார்கள். அதை எதிர்த்துக் கொடி தூக்கியவர் யார்? ராஜாஜி! முந்தின வருஷம் வரையில் இந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அதற்கு முன் நாட்டுக்கே கவர்னர் ஜெனரலாக இருந்தவர். 1955-ல் இதை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு புத்தகமே எழுதி வெளியிட்டார். உயிருள்ள கிருமியைப் பிள்ளைகளின் உடம்பில் மொத்தம் மொத்தமாக ஏற்றுவது சரியா என்று கேட்டார். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர் அந்த இயக்கத்தின் பக்கம் நின்றார்.

பின்னால் என்ன ஆயிற்று? 1968-ல் செங்கல்பட்டு ஜில்லாவில் பெரிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் அதில் சேர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முடிவு வந்தது. ஆனால் பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தை அது தடுக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள். ராஜாஜி சொன்னது முழுக்கச் சரியும் அல்ல. அவர் கேட்ட கேள்வி முட்டாள்தனமும் அல்ல.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. ராஜாஜி வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் அபிப்பிராயம். என் பாட்டி வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் பழக்கம். பித்தளைப் பட்டறைத் தொழிலாளியின் மனைவி வேண்டாம் என்றால் மட்டும் அதற்குப் பெயர் மத வெறியா? இது எந்த ஊர் நியாயம்?

பித்தளைப் பட்டறை என்று சும்மா சொல்லவில்லை. நண்பர் சொன்ன 'அந்த ஜனங்கள்' வாழும் ஓர் ஊருக்கே வாசகர்களை அழைத்துப் போகிறேன். உத்தரப் பிரதேசத்தில் மேற்குப் பகுதியில் மொராதாபாத் என்று ஒரு நகரம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பித்தளைச் சாமான்களில் சில அங்கிருந்து வந்திருக்கலாம். உருக்குகிறவர், வார்க்கிறவர், தேய்த்து மெருகு போடுகிறவர் பெரும்பாலும் முஸ்லிம் ஏழைகள். குறுகிய சந்து, திறந்த சாக்கடை, ஓர் அறையில் ஒரு குடும்பம். இளம்பிள்ளை வாதக் கிருமிக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது. அது மலத்தின் வழியே தண்ணீரில் கலந்து குழந்தையின் வாய்க்குப் போகிற கிருமி.

1995-ல் நாடு முழுவதும் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். நாட்டின் பல பகுதிகளில் வியாதி மளமளவென்று குறைந்தது. 2002-ல் திடீரென்று தலை தூக்கியது. அந்த வருஷம் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்கு வாதம். அதில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தில் மட்டும்! அந்த ராஜ்யத்தின் ஜனத்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 18 சதவீதம்; வாதம் வந்த குழந்தைகளிலோ பாதிக்கு மேல் முஸ்லிம் குழந்தைகள். மருந்து கொடுக்கப் போனவர்களைப் பார்த்துப் பல வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. "இது வாதத்துக்கு மருந்து அல்ல, எங்கள் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்கிற மருந்து" என்று ஒரு வதந்தி.

"பார்த்தீர்களா! நான் சொன்னேனே!" என்று நண்பர் துள்ளுவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வதந்தி தானாக முளைப்பதில்லை. அதற்கும் விதை வேண்டும். இந்த விதையைப் போட்டவர் யார்?

நெருக்கடி நிலை காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில், இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆப்பரேஷன் நடந்தது. உத்தியோகஸ்தருக்கு இத்தனை பேர், வாத்தியாருக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்து ஆள் பிடிக்கச் சொன்னார்கள். ஏழையும் கேட்பாரற்றவனும் அகப்பட்டார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்திலேயே உள்ள முசாபர்நகரில் 1976-ல் இதை எதிர்த்துத் திரண்ட ஜனங்கள் மேல் போலீஸார் சுட்டார்கள், உயிர்கள் போயின. அன்று பத்து வயதுப் பையனாக இருந்து அதைப் பார்த்தவன், 2002-ல் முப்பத்தாறு வயதுத் தகப்பன். அவன் வாசலில் சர்க்கார் ஆள் வந்து, "உன் குழந்தையின் வாயைத் திற" என்கிறான். அவன் மனத்தில் என்ன ஓடும்? அவனுக்குப் புத்தி இல்லை என்கிறீர்கள்; எனக்கென்னவோ ஞாபகம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

அது மட்டுமா? அந்தச் சந்தில் சாக்கடை கட்ட யாரும் வரவில்லை. குழந்தைக்குப் பேதி கண்டால் மருந்து கொடுக்க யாரும் வரவில்லை. தட்டம்மை ஊசி போட நர்ஸும் வரவில்லை. 2005-06-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, உத்தரப் பிரதேசத்தில் எல்லாத் தடுப்பு மருந்தும் முறைப்படி கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 23 தான். ஆனால் சொட்டு மருந்து மட்டும் தவறாமல் வருகிறது. ஒரு வருஷத்தில் பல தடவை வருகிறது. தாய்மார் கேட்டார்கள்: "காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லை என்கிறீர்கள். நாங்கள் கேட்காத மருந்தை மட்டும் வீடு தேடி வந்து ஊற்றுகிறீர்களே, ஏன்?" உலக சரித்திரத்தில் இதைவிட நியாயமான கேள்வியைக் கேட்டவர் இல்லை. சில கிராமங்களில், "முதலில் சாலை போடுங்கள், பிறகு சொட்டுப் போடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"திரும்பத் திரும்ப எதற்கு?" என்ற சந்தேகத்துக்கும் பதில் இருந்தது. அந்தப் பதில் நம் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். மேல்நாட்டுக் குழந்தைக்கு மூன்று தடவை சொட்டு மருந்து போதும். நம் குழந்தைக்குப் போதாது என்றார். 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் துல்லியமாகச் சொன்னது: ஒரு தடவை கொடுத்தால் இந்தியாவின் மற்றப் பகுதிகளில் நூற்றுக்கு 21 குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்றால், உத்தரப் பிரதேசத்தில் 9 குழந்தைகளுக்குத்தான். காரணம், நெரிசலும் அசுத்தமும் ஓயாத பேதியும். குடலில் வேறு கிருமிகள் குடியிருந்தால் மருந்து பிடிக்காது. அதாவது, சாக்கடை கட்டாத பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அந்தக் குழந்தைகளுக்குப் பத்துத் தடவை சொட்டு மருந்து. இதை அந்தத் தாயாரிடம் யாராவது சொன்னார்களா? "வாயைத் திற" என்றார்கள். "ஏன்" என்பதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. மருந்து கொடுத்த வீட்டுக் கதவில் சாக்குக் கட்டியால் இங்கிலீஷ் 'பி' எழுத்துப் போடுவார்கள். குழந்தை விட்டுப் போயிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஒரு பெருக்கல் குறி. கணக்குக்கு வேண்டியதுதான்; மறுபடி எந்த வீட்டுக்குப் போவது என்று தெரிய வேண்டாமா? ஆனால் அந்தப் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவரங்களைக் கண்ட ஒரு சமூகம். அவர்கள் வீட்டுக் கதவில் சர்க்கார் ஆள் வந்து பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகிறான். நம் வீட்டுக் கதவில் போட்டால் நாம் எத்தனை பேருக்கு டெலிபோன் செய்வோம்?

நிற்க. நான் ஒரு பக்கம் மட்டும் பேசுவதாக வாசகர்கள் நினைக்க வேண்டாம். அந்த வதந்தியை ஊதி ஊதிப் பெரிதாக்கினவர்களும் இருந்தார்கள். ஓட்டுக்காகச் செய்தவர்கள் உண்டு. பெரிய மனிதத்தனத்துக்காகச் செய்தவர்கள் உண்டு. உண்மையாகவே நம்பிச் செய்தவர்களும் உண்டு. அவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பழைய கொடுமையை ஞாபகம் வைத்திருப்பது மனிதனுக்கு உரிமை. ஆனால் அந்தக் கோபத்தின் விலையைக் கொடுத்தது யார்? பேசின தலைவர் அல்ல; சந்தில் நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. ஒரு நாள் காய்ச்சல். மறு நாள் கால் துவண்டது. அப்புறம் ஆயுசு முழுவதும் கையை ஊன்றித் தவழ்ந்து போகிற வாழ்க்கை. கிருமிக்குச் சரித்திரம் தெரியாது. "இவன் பாட்டனாருக்கு அநியாயம் நடந்திருக்கிறது, பாவம், விட்டுவிடுவோம்" என்று அது போகாது. ஆகையால், "அவர்கள் பயம் நியாயமானது, விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிற தாராள மனசுக்காரர்களையும் நான் நம்புவதில்லை. அதுவும் கை கழுவுகிற வேலைதான். நண்பருடைய போலீஸைவிடக் கொஞ்சம் மரியாதையானது, அவ்வளவே.

அப்படியானால் என்னதான் செய்வது? மொராதாபாத்திலும் சுற்றுப்புற ஜில்லாக்களிலும் செய்து காட்டினார்களே, அதைச் செய்வது!

அந்தந்தத் தெருவிலேயே இருக்கிற பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் முஸ்லிம் பெண்கள் நிறையப் பேர். ஒவ்வொருத்தியிடமும் சில நூறு வீடுகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, யாருக்கு எந்த மருந்து பாக்கி, எல்லாம் அதில் இருக்கும். தன் குழந்தைக்கு முதலில் கொடுத்துவிட்டு அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். மருத்துவச்சி பேரனைத் தூக்கிக் காட்டினாளே, அதே வித்தைதான்! பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் அறிவித்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகமும் டில்லி ஜாமியா மில்லியாவும் ஜாமியா ஹம்தர்தும் முன்னுக்கு வந்தன. அந்தப் பெண்கள் சொட்டு மருந்தை மட்டும் பேசவில்லை. பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், கை கழுவுதல் என்று எல்லாம் பேசினார்கள். 2009-ல் இந்தியாவில் மறுபடி 741 குழந்தைகளுக்கு வாதம், உலகத்திலேயே அதிகம். அப்போது உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அபாயம் மிகுந்த 107 வட்டாரங்களைப் பொறுக்கி எடுத்து, தண்ணீர், கக்கூஸ், பேதி மருந்து, மற்றத் தடுப்பூசி எல்லாவற்றையும் சொட்டு மருந்தோடு சேர்த்துக் கொண்டு போவது என்று தீர்மானித்தார்கள்.

பரிசோதனையும் அப்படியே. ஒரு குழந்தைக்குக் கை கால் திடீரென்று துவண்டால், பதினான்கு நாளைக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை மலத்தை எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் அத்தகைய ஆய்வுக் கூடங்களில் ஒன்று. ஆனால், குழந்தை துவண்டு கிடப்பதைச் சொல்ல வேண்டியவள் தாய். மலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவளும் தாய். அவள் வாயைத் திறக்காவிட்டால் உலகத்து மைக்ராஸ்கோப் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. அதனால் தகவல் சொல்கிறவர்களின் பட்டியலில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களோடு பரம்பரை வைத்தியர்களையும், தெருக்கோடியில் ஊசி போடுகிற அரைகுறை வைத்தியர்களையும்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். ஏழை முதலில் ஓடுவது அங்கேதானே?

பலன்? 2010-ல் 42 பேர். 2011 ஜனவரி 13-ஆம் தேதி மேற்கு வங்காளத்தில் ஹௌரா ஜில்லாவில் ஒரு சின்னப் பெண் குழந்தை. அதுதான் கடைசி. 2014 மார்ச் 27-ஆம் தேதி இந்தியாவில் இளம்பிள்ளை வாதக் கிருமி இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்தது. கதவைச் சாத்தின அதே ஜனங்கள்தாம் கதவைத் திறந்து இதைச் சாதித்தார்கள். போலீஸ் திறக்கவில்லை.

நம்பிக்கையைக் கட்டப் பத்து வருஷம். இடிக்க ஒரு நாள் போதும் என்பதற்கும் உதாரணம் சொல்கிறேன். பாகிஸ்தானில் அப்போத்தாபாத் நகரில் பின் லேடன் ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்க, அமெரிக்க உளவு இலாகா 2011-ல் தடுப்பூசி போடுவதாக ஒரு போலி நாடகம் நடத்தியது. ஊசிக்காரர் ஒற்றர்தான் என்று அதுவரை வதந்தியாகச் சொன்னவர்களுக்குக் கையில் சாட்சி கிடைத்துவிட்டது! அதன் பிறகு அந்த நாட்டில் சொட்டு மருந்து கொடுக்கப் போன எத்தனையோ பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014-ல் அமெரிக்கா, "இனி அப்படிச் செய்யமாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தது. செத்துப் போன பெண்களுக்கு யார் வாக்குக் கொடுப்பது?

வெளிநாட்டை ஏன் சொல்ல வேண்டும்? நம்மையே பார்ப்போம். 2020-ல் கொரோனா வந்தது. டில்லியில் நடந்த ஒரு மத மாநாட்டைக் காட்டி, வியாதிக்கே மதம் இருப்பதுபோல் பேசினோம். சில ஊர்களில் முஸ்லிம் காய்கறிக்காரனைத் தெருவுக்குள் விடவில்லை. அந்த நேரத்தில் அவனிடம் போய், "பரிசோதனைக்கு வா" என்றோம். பரிசோதனையில் வியாதி இல்லை என்றால் அவனுக்கு ஒன்றும் லாபமில்லை. இருக்கிறது என்றால் அவன் மட்டுமல்ல, அவன் தெரு முழுவதும் குற்றவாளி. யார் வருவார்கள்?

ஏப்ரல் 15-ஆம் தேதி, அதே மொராதாபாத்தில், கொரோனாவில் இறந்துபோன ஒருவரின் உறவினரை அழைத்துப் போக வந்த வைத்தியக் குழுவின் மேல் கல் விழுந்தது. அது குற்றம், வெட்கக்கேடு, கல்லெறிந்தவர்களுக்காக நான் வக்கீலாக வரமாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். முன்பு வந்தவள் ஐஸ் பெட்டியோடு வந்த பக்கத்துத் தெருப் பெண். இப்போது வந்தது போலீஸோடு வந்த வண்டி.

"அந்த ஜனங்கள் அப்படித்தான்!" என்கிறீர்களா? சரியாக நாலே நாள் கழித்து, ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு, நம் சென்னையில் என்ன நடந்தது? கொரோனாவில் உயிர் விட்ட ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க எடுத்துப் போன ஆம்புலன்ஸை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. சக டாக்டர் ஒருவர் நடு இரவில் தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அந்தக் கூட்டத்துக்கு யாரும் மதப் பெயர் சூட்டவில்லை. "பயத்தில் செய்துவிட்டார்கள்" என்றோம். நம்மவர் எறிந்தால் பயம். அவர்கள் எறிந்தால் வெறி!

தமிழ் நாட்டார் பிறவியிலேயே புத்திசாலிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் 23 குழந்தைகளுக்கு எல்லா மருந்தும் கிடைத்த அதே கணக்கில், இங்கே நூற்றுக்கு 81 குழந்தைகளுக்குக் கிடைத்தது. காரணம் நம் மூளை அல்ல. நம் கிராமத்துக்கு வந்து போகிற நர்ஸம்மா. அவளுக்கு நம் பெயர் தெரியும். நம் மாமியார் பெயரும் தெரியும். பிரசவத்துக்கும் அவள்தான், ஊசிக்கும் அவள்தான். 2019-21-ல் எடுத்த கணக்கில் உத்தரப் பிரதேசத்திலும் அந்த 23 கிட்டத்தட்ட 70 ஆகிவிட்டது. 'புத்தி வராத' ஜனங்களுக்குப் பதினைந்து வருஷத்தில் எங்கிருந்து வந்தது இவ்வளவு புத்தி? வாசலுக்கு ஆள் வந்தது; அதோடு புத்தியும் வந்தது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு நாம் என்ன செய்தோம்? கிராமம் கிராமமாக நடக்கிற 'ஆஷா' பெண்களுக்கு உத்தியோகஸ்தர் என்ற அந்தஸ்துகூட இல்லை. தொண்டர்கள் என்று பெயர். வேலைக்குத் தக்கபடி ஊக்கத் தொகை. குழந்தைகளின் உயிரைக் கையில் கொடுத்துவிட்டு, கூலியைக் கேட்டால் தொண்டு என்கிறோம்! தடுப்பு மருந்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி. அந்தப் பெண் அலுத்துப் போய் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டால், ஒரு தெருவே நம் கையை விட்டுப் போகும். கொரோனாக் காலத்தில் ஊசி போடும் வேலை தடைப்பட்டு, எத்தனையோ குழந்தைகள் விட்டுப் போனார்கள். தட்டம்மை வேறொன்றுக்கும் காத்திருக்கவில்லை, கோவண்டிக்கு வந்துவிட்டது.

ஆகவே நண்பரே, அடுத்த தடவை "வேண்டாம் என்கிறான்" என்று படித்தால், போலீஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேளுங்கள். போனவர் யார், தெரிந்தவரா? அதற்கு முன்னால் அந்த வாசலுக்கு வேறு எதற்காகவாவது போயிருக்கிறாரா? எதற்கு மருந்து, எத்தனை தடவை, ஏன் என்று சொன்னாரா? பரிசோதனையின் முடிவு அவனோடு நிற்குமா, பத்திரிகைக்குப் போகுமா? இத்தனைக்கும் சரியான பதில் கிடைத்த பிறகும் அவன் வேண்டாம் என்றால், மறுபடி போய்ப் பேசுவோம். அவன் குழந்தை அவனுக்கு மட்டும் குழந்தை அல்லவே?

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வருவார். காபியோடு இந்தப் பக்கங்களையும் அவர் முன்னால் வைக்கப் போகிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் பாதகமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.